பிள்ளையைக் கேட்டுத் தைத்த போர்வை

(மட்டக்குளியில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கூடி, தேவைப்படும் பிள்ளைகளுக்குப் போர்வை தைக்கும் சகோதரிகளின் ஒன்றுகூடலில் எமது தோட்ட நலன்புரி அலுவலர் ஆற்றிய உரை. தோட்டத்துக் குடும்பங்களுக்கும் இதில் விசயம் இருப்பதால் பேசியபடியே பிரசுரிக்கிறோம்.)



மேடைப் பேச்சு எங்களுக்குப் பழக்கமில்லை. பிரட்டுக்களத்தில் நின்று இரண்டு வார்த்தை சொல்வோம், அதற்குள் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் மலைக்குப் போய்விடுவார்கள். அதனால் சுருக்கமாகவே பேசுகிறோம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் இங்கே வந்து இறங்கியதும் முதலில் காக்கைதீவுப் பக்கம் போனோம். களனி கங்கை கடலில் விழுகிற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். ஏன் தெரியுமா? மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. எங்கள் தேயிலை மலையில் பெய்த மழைதான் உங்கள் வாசலுக்கு வந்து கடலோடு கலக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையில் மண் சரிந்து வீடுகள் போயின. அதே நாட்களில் களனி பெருகி கீழே கரையோர வீடுகளுக்குள் வந்தது. மேலே நனைந்தவர்களும் கீழே நனைந்தவர்களும் ஒரே தண்ணீரில்தான் நனைந்தோம். ஆகவே நீங்கள் யாரோ, நாங்கள் யாரோ அல்ல. உங்களில் பலருடைய அம்மாவோ அப்பாயியோ கொழுந்து எடுத்தவர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

போர்வை தைக்கப் போகிறோம், மலையகத்துப் பிள்ளைகளுக்கு எப்படித் தைப்பது என்று சொல்லித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நாங்கள் தையற்காரர் இல்லை. ஆனால் போர்வை கொடுத்துப் பிழை விட்டவர்கள். அந்தப் பிழையைச் சொன்னால் உங்களுக்கு உதவும் என்றுதான் வந்திருக்கிறோம்.

முதலில் குளிரைப் பற்றி

கொழும்பில் போர்வை என்றால் நுளம்புக்கு மூடுகிற துணி. நுவரெலியாப் பக்கம் அப்படியில்லை. நுவரெலியா நகரம் 6,000 அடிக்கும் மேலே இருக்கிறது. தை மாதத்து ராத்திரியில் குளிர் 10 பாகைக்கும் கீழே இறங்கும். சில விடியற்காலைகளில் புல்லின் மேலே வெள்ளையாக உறைபனி கிடக்கும். லயத்துக் காம்பரா என்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி. மேலே தகரம், கீழே ஈரமேறிய தரை. புது வீடு கட்டிப் போனவர்கள் இருக்கிறார்கள், இன்னும் லயத்திலேயே இருக்கிறவர்களும் நிறையப் பேர். அம்மா விடிய முன்னமே எழும்பி அடுப்பு மூட்டுவாள். அவள் எழும்பியதும் பக்கத்தில் படுத்திருந்த பிள்ளைக்கு இருந்த சூடும் எழும்பிப் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் நாட்டின் மற்ற இடங்களைவிடத் தோட்டங்களில் அதிகம். எடை குறைந்த பிள்ளைக்கு உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கிற சக்தி குறைவு. பால் குடித்துச் சேர்க்க வேண்டிய எடையை அது குளிரோடு போராடியே செலவழித்துவிடும். அதனால் போர்வை எங்களுக்கு அழகுப் பொருள் இல்லை. அரிசி, பருப்பு மாதிரி அதுவும் ஒரு தேவை.

கம்பளியும் சேலையும்

தோட்டத்தில் போர்வைக்கு ஒரு பழைய கதை உண்டு. எங்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் அதற்குப் பெயர் கம்பளி. மழையில் கொழுந்து எடுக்கும்போது தலையில் போட்டதும் அதுதான், ராத்திரியில் பிள்ளைகளோடு போர்த்திக்கொண்டதும் அதுதான். தோட்டத்தில் கம்பளி கொடுத்தார்கள், ஆனால் சும்மா கொடுக்கவில்லை. அரிசிக்குக் கழித்த மாதிரி கம்பளிக்கும் சம்பளத்தில் கழித்தார்கள். கொடுத்தவர் கணக்கில் அது கடன், வாங்கியவர் கணக்கில் அது உழைப்பு. இதை ஏன் சொல்கிறோம் என்றால், நம்முடைய ஆட்கள் போர்வையைக் கூட இனாமாக வாங்கிப் பழகியவர்கள் இல்லை.

அந்தக் கம்பளிக்கும் முந்தின போர்வை ஒன்று உண்டு. அது அம்மாவின் பழைய சேலை. பிள்ளை பிறந்தால் அதிலே சுற்றுவோம், அதிலேயே தொட்டில் கட்டுவோம். பிள்ளைக் காம்பராவில் வளையில் வரிசையாகச் சேலைத் தொட்டில் ஆடியதை இங்கே இருக்கிற மூத்த அம்மாமார் பார்த்திருப்பீர்கள். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி வைத்து, ஊசியை ஏற்றி இறக்கி நேராக ஓடவிட்டுத் தைப்பார்கள். அதற்குக் காந்தா என்று பெயர். பீகாரில் அதே மாதிரிப் பிறந்த பிள்ளைக்குத் தைப்பது சுஜனி. உடுத்தி உடுத்தி மெதுமையான துணிதான் பிள்ளையின் தோலுக்கு நல்லது என்பதை அந்தத் தாய்மார் யாரிடமும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

நாங்கள் விட்ட பிழை

இனி எங்கள் கதை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர் நாங்கள் வேறொரு தோட்டத்தில் வேலை செய்த காலம். ஒரு மார்கழியில் வெளியிலிருந்து போர்வைகள் சேர்த்தோம். “இருப்பதைத் தாருங்கள்” என்று கேட்டோம், இருப்பதைத்தான் தந்தார்கள். புதிதும் இருந்தது, கிழிந்ததும் இருந்தது. நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை. மூட்டையோடு பிரட்டுக்களத்தில் இறக்கி, மைக் கட்டி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கொடுத்தோம். படமும் எடுத்தோம். பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் காரணம் எழுதியிருந்தது. நாங்கள் யோசிக்காமல் அதையும் சேர்த்து வாசித்துவிட்டோம். “அப்பா இல்லாத பிள்ளை” என்று மைக்கில் சொல்லி, ஏழு வயதிருக்கும் ஒரு பெண் பிள்ளையின் கையில் போர்வையை வைத்தோம். எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாள் காலையில் டிஸ்பென்சரிப் படியில் அந்தப் போர்வை மடித்து வைத்திருந்தது.

நாங்கள் லயத்துக்குப் போனோம். அந்தப் பிள்ளையின் அம்மா கோபப்படவில்லை. இஸ்தோப்பில் பலகையைப் போட்டு உட்காரச் சொல்லி, தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னாள்: “ஐயா, போத்திக்கிறதுக்கு எங்கிட்ட சேலை இருக்குதுங்க. மைக்கில அப்பா இல்லாத புள்ளன்னு சொன்ன பொறகு இவ ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குறா. அதத் தான் எப்புடிப் போத்துறதுன்னு தெரியல.”

எங்களுக்கு அந்தத் தேத்தண்ணி இறங்கவில்லை. நாங்கள் குளிருக்குப் போர்வை கொடுக்கப் போய், அந்த வீடு மூடி வைத்திருந்ததைத் திறந்து விட்டுவிட்டோம். மன்னிப்புக் கேட்டோம். பிள்ளை ஒரு கிழமைக்குப் பிறகுதான் பள்ளிக்கூடம் போனது. அந்தப் போர்வையை அவர்கள் கடைசிவரை எடுக்கவில்லை. அம்மா தன்னுடைய இரண்டு சேலைகளை மடித்துத் தானே தைத்தாள். பிறகு பக்கத்து லயத்துப் பிள்ளைக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தாள். மைக் இல்லாமல், படம் இல்லாமல். எங்களுக்குப் பாடம் நடத்தியது அவள்தான்.

உலகத்தில் செய்தவர்கள்

நாங்கள் படித்துத் தெரிந்துகொண்ட சிலரைப் பற்றியும் சொல்கிறோம்.

1995இல் அமெரிக்காவில் கேரன் லவுக்ஸ் என்ற பெண்மணி ஒரு பத்திரிகையில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளை ஒன்றைப் பற்றி வாசித்தார். அந்தப் பிள்ளைக்கு வேதனை நேரத்தில் தன்னுடைய போர்வைதான் ஆறுதலாக இருந்தது. அதை வாசித்துவிட்டு, புற்றுநோய் ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்குக் கையால் செய்த போர்வை கொடுக்கத் தொடங்கினார். புரொஜெக்ட் லைனஸ் என்று பெயர் வைத்தார். லைனஸ் என்பது படக்கதையில் எந்நேரமும் போர்வையைக் கையில் பிடித்துக்கொண்டு திரியும் ஒரு பையன்.

பிள்ளைக்குப் போர்வை சூட்டுக்கு மட்டும் இல்லை என்பது இதிலே விளங்குகிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், ஆனால் திரும்பிப் போக வீடு இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு “இது என்னுடையது” என்று சொல்ல ஒரு பொருள் வேண்டும். பெரியவர்களுக்கு இது சின்ன விசயம், பிள்ளைக்குப் பெரிய விசயம்.

தென்னாபிரிக்காவில் நெல்சன் மண்டேலா 67 வருடங்கள் பொது வாழ்வில் உழைத்தவர். 2013 டிசம்பரில் அவருடைய முன்னாள் செயலாளர் செல்டா லா கிரான்ஜ், கரோலின் ஸ்டெய்ன் என்ற தோழியிடம், அடுத்த ஜூலையில் வரும் மண்டேலா தினத்துக்குள் 67 போர்வை பின்னிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். ஒரு ஆளால் முடியாத வேலை. அவர் தெரிந்தவர்களைக் கூப்பிட்டார், அவர்கள் இன்னும் ஆட்களைக் கூப்பிட்டார்கள், நாடு முழுக்கப் பரவிவிட்டது.

அதைப் பார்த்து நம்முடைய சென்னையிலும் பெண்கள் கூடினார்கள். மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ் என்று பெயர். பல ஊர்களிலிருந்தும் கொக்கி ஊசியால் பின்னி அனுப்பிய போர்வைகளை ஒன்றாக இணைத்து, 2016 ஜனவரி 31ஆம் திகதி விரித்துக் காட்டினார்கள். 11,148.5 சதுர மீற்றர், கின்னஸ் சாதனை. எங்கள் கணக்கில் சொன்னால் இரண்டே முக்கால் ஏக்கர். ஒரு சின்னக் கொழுந்து மலையையே மூடிவிடலாம்! அந்தப் போர்வைகள் பிறகு பிரித்து, இல்லாதவர்களுக்குக் கொடுப்பதற்காகப் போயின. சாதனை ஒரு நாளோடு முடிந்தது, போர்வைகள் குளிருக்கு உதவப் போயின.

ஆனால் எங்கள் மனதில் அதிகம் நின்றவர் டில்லி அன்ஷு குப்தா. 1999இல் அவரும் மனைவியும் தங்கள் வீட்டு அலுமாரியில் இருந்த 67 உடுப்புகளோடு கூஞ்ச் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. பட்டணத்துப் பழைய துணியைச் சுத்தம் செய்து, பிரித்து, தைத்துக் கிராமத்துக்கு அனுப்புகிறார்கள். கிராமத்து ஆட்கள் கிணறு தோண்டுவார்கள், பாதை திருத்துவார்கள். அந்த வேலைக்குரிய மரியாதையாகத் துணி வரும். வாங்குகிறவர் தலை குனிய வேண்டியதில்லை. போர்வையைப் படியில் வைத்துவிட்டுப் போன அந்த அம்மா சொன்னதும் இதுதான்.

இனி வேலைக்கு வருவோம்

தைக்க முன்னர் கேளுங்கள். எத்தனை பிள்ளை, என்ன வயது, எந்த உயரத்துத் தோட்டம், வீட்டில் உணர்த்த இடம் இருக்கிறதா என்று பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளரிடமும் மருத்துவிச்சியிடமும் கேளுங்கள். பிள்ளையின் பெயரும் குடும்பக் கதையும் உங்களுக்கு வேண்டாம். வயது போதும்.

துணி பருத்தியாக இருக்கட்டும். காமென்ட் வெட்டுத் துண்டுகள் கிலோக் கணக்கில் மலிவாகக் கிடைக்கும், நல்லதுதான். ஆனால் நைலோன், பொலியெஸ்டர் துண்டுகளைக் கால்மிதிக்கு ஒதுக்கி வையுங்கள். லயத்தில் விறகடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவில் இரண்டு பாகம் கூட இருக்காது. பருத்தியும் நெருப்புப் பிடிக்கும், ஆனால் நைலோன் மாதிரித் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

தடிப்பு வேண்டாம். அன்பு கூடினால் பஞ்சு கூட அடைத்துவிடுவோம். ஆடி மாதத்து மழையில் மலையில் துணி உணராது. தடித்த போர்வை ஈரத்தோடே கிடந்து பூஞ்சணம் பிடித்து மணக்கும், பிள்ளைக்கு இருமல் கூடும். ஐந்தரை மீற்றர்ச் சேலையை நாலாக மடித்தால், கொடியில் சீக்கிரம் உணரக்கூடிய நாலு அடுக்குப் போர்வை பிள்ளைக் காம்பராப் பிள்ளைக்குக் கிடைக்கும். பெரிய பிள்ளைக்கு இரண்டு சேலையை மும்மூன்றாக மடித்து ஒன்றாகத் தையுங்கள். தைக்க முன்னர் சேலையைச் சுடுதண்ணீரில் போட்டுத் துவையுங்கள். சாயம் போவதும் துணி சுருங்குவதும் அப்போதே முடிந்துவிடும்.

ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தளர்வான போர்வை அனுப்ப வேண்டாம். தூக்கத்தில் முகத்தில் ஏறினால் மூச்சை அடைத்துவிடும். அந்த வயதுக்குப் பருத்திச் சட்டை, கால் மேசு தைத்துத் தாருங்கள். எடை குறைந்த சிசுவுக்கோ எல்லாப் போர்வையையும்விட நல்லது அம்மாவின் நெஞ்சுதான். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் எட்கார் ரே என்ற டொக்டர், ஆஸ்பத்திரியில் சூடாக்கும் பெட்டிகள் போதாதபோது, சிசுவைத் தாயின் தோலோடு தோலாக நெஞ்சில் சேர்த்துக் கட்ட வைத்தார். இன்று உலகம் முழுக்க அந்த முறை இருக்கிறது. மருத்துவிச்சியிடம் கேட்டால் எப்படிக் கட்டுவது என்று காட்டித் தருவார்.

பொத்தான், மணி, நீட்டு நூல் எதுவும் வேண்டாம். சின்னப் பிள்ளை வாயில் போடும், விரலில் சுற்றிக்கொள்ளும். கடைசியாக, வேலை தொடங்கும்போது ஊசியையும் குண்டூசியையும் எண்ணுங்கள், முடியும்போதும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அன்றைக்குத் தைத்த போர்வை ஒன்றும் வெளியே போகக்கூடாது.

கொடுக்கிற விதம்

வரிசை வேண்டாம், மைக் வேண்டாம், படம் வேண்டாம். பிள்ளைக் காம்பராவில் இருக்கும் எல்லாப் பிள்ளைக்கும் சேர்த்தே கொடுங்கள். “இல்லாத பிள்ளை” என்று பொறுக்கி எடுக்க வேண்டாம். எல்லோருக்கும் போதாவிட்டால் போதுமானது சேரும்வரை பொறுத்திருப்போம். அவசரத் தேவையுள்ள வீட்டுக்கு மருத்துவிச்சி போகும்போது பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். நிறத்தைப் பிள்ளையே தெரிந்தெடுக்கட்டும். நீலம் வேண்டும், சிவப்பு வேண்டும் என்று பிள்ளை சண்டை பிடித்தால் சந்தோசப்படுங்கள். பிச்சையில் யாரும் நிறம் கேட்பதில்லை, சொந்தப் பொருளில்தான் கேட்பார்கள்.

தோட்டத்தில் இதை வாசிக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. கொழும்பிலிருந்து வருகிறது என்று காத்துக்கொண்டிருக்க வேண்டாம். உடுத்திப் பழசான பருத்திச் சேலை, சாரம் இருந்தால் துவைத்துப் பிள்ளைக் காம்பராவுக்குக் கொடுங்கள். தைக்கத் தெரிந்த அம்மாமார் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் வாருங்கள். மட்டக்குளியில் தைக்கிற சகோதரிகளுக்கு எந்தக் கை நீளம் போதாது, எந்தத் துணி உணரவில்லை என்று நீங்கள்தான் சொல்லி அனுப்ப வேண்டும். குறை சொல்வது நன்றிகெட்ட வேலை என்று நினைக்காதீர்கள். நீங்கள் வாயைத் திறந்து சொன்னால்தான் அடுத்த போர்வை நன்றாக வரும்.

சகோதரிகளே, இங்கே வந்து உட்கார்ந்ததும் உங்களில் ஒரு அம்மா எங்களைக் கேட்டார்: “நாங்க தைக்கிறது அந்தப் புள்ளைங்களுக்குப் புடிக்குமா?” உங்களுக்கு நல்ல இடம் வாய்த்துவிட்டது என்று அப்போதே நினைத்தோம். நாங்கள் ஒரு மூட்டை போர்வை கொடுத்து முடித்த பிறகும் கேட்காத கேள்வியை, நீங்கள் முதல் தையல் போட முன்னமே கேட்டுவிட்டீர்கள். பதில் எங்களுக்குத் தெரியாது. மலைக்குத் திரும்பிப் போய்ப் பிள்ளைகளைக் கேட்டுச் சொல்கிறோம்.

 இனி மெஷினை மிதியுங்கள்.